சிறு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா? சான் ஹோசே ரீட் ஹில்வியூ பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரின் கிழக்குப் பகுதியில், ரீட் ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து ஒரு மைலுக்குள் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் ஒன்றுகூட வராத இந்த நிலையம் யாருக்காக நடக்கிறது? சத்தத்துக்கும், விமான பெட்ரோலில் இருக்கும் காரீயத்துக்கும் யாரிடம் முறையிடுவது? சீக்கிரம் மூடப்போகிறார்கள் என்கிறாரே ஏஜென்ட், நம்பலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில்: நம்பி வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. வாங்கலாமா கூடாதா என்பது உங்கள் காதையும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. ஆனால் இந்த நிலையத்தில் எந்தப் பிடி யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் அங்கே குடியேறினால், பத்து வருஷம் தப்பான கதவையே தட்டிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது அதுதான்.

ரீட் ஹில்வியூ 1939-இல் தொடங்கியது. சான்டா கிளாரா கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், 1961-இல் அதை வாங்கியது. இணையாக இரண்டு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3,100 அடி. அந்த நீளத்தில் ஏர்லைன்ஸ் ஜெட் இறங்க முடியாது. வருவதும் போவதும் பெரும்பாலும் நான்கு இருக்கை செஸ்னா 172, பைப்பர் வகையறா. நேர அட்டவணைப்படி ஓடும் விமானங்களையும் ராணுவத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிற பறப்பு எல்லாவற்றுக்கும் ஜெனரல் ஏவியேஷன் என்று பெயர். பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமான நிலையங்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 5,000. அவற்றில் ஏர்லைன்ஸ் வருவது சுமார் 500 தான். மற்றதெல்லாம் இந்த ரகம்.

பைலட் பயிற்சிதான் இங்கே முக்கியத் தொழில். சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விமானவியல் துறையும் இந்த வளாகத்தில் இயங்குகிறது. அதோடு ஹேங்கர் வாடகை, விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கும் இடம், பழுதுபார்ப்புக் கடை, பெட்ரோல். இப்படிப்பட்ட நிலையங்களில் இந்தச் சேவைகளை நடத்தும் குத்தகைதாரரை எஃப்.பி.ஓ. என்பார்கள். பல இடங்களில் விற்கும் ஒவ்வொரு கேலனுக்கும் ஒரு சிறு தொகையை அவர் நிலைய உரிமையாளருக்குக் கட்டுவார். நிலையத்தின் வருமானம் இந்தக் கட்டணமும் வாடகையும்தான். அந்தப் பணத்தைக் கவுன்ட்டி எடுத்துப் பூங்காவுக்கோ சாலைக்கோ செலவழிக்க முடியாது. விமான நிலைய வருமானம் விமான நிலையத்துக்கே என்பது மத்திய அரசின் மானிய நிபந்தனை. அதனால் "எங்கள் வரிப்பணத்தில் பணக்காரர்கள் பறக்கிறார்கள்" என்று கூட்டத்தில் பேசுகிறவர் உடனே மடக்கப்படுவார். அந்த வாதத்தை நீங்கள் எடுக்க வேண்டாம்.

பெட்ரோல் போடுவதில் ஒரு விஷயத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. பிஸ்டன் இன்ஜினுக்கு வழக்கமான பெட்ரோல் 100 எல்எல். நீலச் சாயம் போட்டது. டர்பைனுக்கு ஜெட் ஏ. மண்ணெண்ணெய் வகை, நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம். பிஸ்டன் விமானத்தில் ஜெட் ஏ போட்டுவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடுபாதை வரை போகவும் போகும், ஏனென்றால் குழாயில் மிச்சம் இருப்பது நல்ல பெட்ரோல். மேலே ஏறி முழு விசையில் போகும்போதுதான் சிலிண்டருக்குள் அகால வெடிப்பு தொடங்கி இன்ஜின் நிற்கும். அந்த நேரத்தில் கீழே இருப்பது வீடுகள். இதைத் தடுக்கத்தான் ஜெட் ஏ குழாயின் மூக்கு வாத்தின் அலகு மாதிரி அகலமாகவும், பெட்ரோல் தொட்டியின் வாய் சிறிய வட்டமாகவும் வைக்கப்படுகின்றன. ஒன்றுக்குள் மற்றது நுழையாது. லேபிளும் வேறு: பெட்ரோலுக்குச் சிவப்பு, ஜெட் ஏவுக்குக் கறுப்பு. தப்பு எங்கே நடக்கிறது என்றால், சில ஹெலிகாப்டர்களில் அகல மூக்கு பொருந்தாது என்று வட்ட மூக்கை மாற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாற்ற மறக்கும் இடத்தில்.

பைலட் தன் பங்குக்கு ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்ட பிறகும் இறக்கையின் அடியிலிருக்கும் வால்வில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் குத்தி கொஞ்சம் வடித்துப் பார்ப்பார். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாக உட்காரும். சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுவார்: நல்ல பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், ஜெட் ஏ கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். இரண்டு நிமிஷ வேலை. செய்யாமல் கிளம்புகிறவர்களும் உண்டு.

அக்கம்பக்கத்துக்கு இந்த நிலையத்தால் என்ன பயன் என்று கேட்டால், அன்றாடம் எதுவும் தெரியாது, நெருக்கடியில் தெரியும். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் வாட்சன்வில் ஊருக்குப் போகிற சாலைகள் அடைபட்டபோது, தனியார் சிறு விமானங்கள்தான் உணவையும் மருந்தையும் அங்கே கொண்டுபோய் இறக்கின. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், தீயணைப்பு, போலீஸ் ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் இப்படியொரு இடம் வேண்டும். பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சிறு விமான ஆர்வலர்களின் ஈ.ஏ.ஏ. அமைப்பு 1992 முதல் நடத்தும் யங் ஈகிள்ஸ் திட்டத்தில் 8 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களைத் தன்னார்வ பைலட்டுகள் காசில்லாமல் ஒரு சுற்று பறக்க அழைத்துப் போகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: அதிகாரம். ரீட் ஹில்வியூ விஷயத்தில் மூன்று அரசுகள் உள்ளன. நிலமும் நிலையமும் கவுன்ட்டியுடையது. சுற்றியுள்ள தெருக்கள், கட்டட அனுமதி எல்லாம் சான் ஹோசே மாநகராட்சி. வானம் எஃப்.ஏ.ஏ. என்னும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துடையது. பறந்துகொண்டிருக்கிற விமானத்தை "இந்தத் தெருமேல் போகாதே" என்று கவுன்ட்டியோ மாநகராட்சியோ உத்தரவிட முடியாது. இது 1973-இல் உச்ச நீதிமன்றம் பர்பேங்க் நகர வழக்கில் தீர்த்த விஷயம். அந்த ஊர் இரவில் ஜெட் கிளம்பத் தடை போட்டது, செல்லாது என்றார்கள். அதற்கு முன்னால் 1946-இல் காஸ்பி என்ற கோழிப் பண்ணைக்காரர் வழக்கு: வட கரோலினாவில் ராணுவ விமானங்கள் கூரைக்குச் சற்று மேலே போக, மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, மொத்தம் சுமார் 150. அவர் ஜெயித்தார். ஆனால் அவர் மனைக்கு மேல் விமானம் போன உயரம் தரையிலிருந்து 83 அடி. 900 அடியில் போகிற செஸ்னாவுக்கு எதிராக அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது.

நிலைய உரிமையாளர் என்ற முறையில் கவுன்ட்டி கட்டுப்பாடு போடலாமே என்று கேட்பீர்கள். 1990-இல் வந்த விமான நிலைய இரைச்சல் சட்டம் அந்த வழியையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது. புதிதாக ஊரடங்கு நேரமோ தடையோ கொண்டுவர வேண்டுமென்றால் பகுதி 161 என்ற ஆய்வை நடத்தியாக வேண்டும். செலவும் காலமும் கடுமை. ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நிலையம் அதை முடித்துப் பழைய ரக இரைச்சல் ஜெட்டுகளைத் தடுத்தது, அதற்கும் எஃப்.ஏ.ஏ.வோடு மல்லுக்கட்டி 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் ஜெயித்தது. நியூயார்க்கின் ஈஸ்ட் ஹாம்ப்டன் அந்த ஆய்வைச் செய்யாமல் நேரடியாக ஊரடங்கு போட்டது. 2016-இல் நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. ஆகவே "இரவில் தடை போடு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பது சுவரோடு பேசுவதுதான்.

அப்படியானால் ஒன்றுமே முடியாதா? முடியும், தரையில். எந்த இடத்தில் நின்று இன்ஜின் சோதனை செய்வது என்பது கவுன்ட்டி கையில். புறப்படுமுன் செஸ்னா 172-ஐ நிறுத்தி இன்ஜினை நிமிஷத்துக்கு 1,700, 1,800 சுற்றுக்கு ஏற்றி ஒரு நிமிஷம் சரிபார்ப்பார்கள். அந்தச் சோதனை மேடை வேலிக்குப் பக்கத்திலிருந்தால், பறப்பதைவிட அந்தச் சத்தம்தான் ஒரு தெருவுக்குத் தலைவலி. மேடையைத் தள்ளி வைப்பது, ஒரு தடுப்புச் சுவர் கட்டுவது, புறப்படும் இடத்தில் "வீடுகளுக்கு மேல் சீக்கிரம் விசையைக் குறையுங்கள்" என்று பலகை வைப்பது, பயிற்சிப் பள்ளிகளை உட்காரவைத்துப் பேசுவது, எல்லாம் நிலைய நிர்வாகத்தால் ஆகக்கூடியவை. இவற்றைக் கேளுங்கள்.

சத்தம் ஏன் இப்படி என்று புரிந்தால் கேட்பதும் சரியாக வரும். உங்களைத் தொந்தரவு செய்யப்போவது எங்கோ போகிற விமானமல்ல. சுற்றிச் சுற்றி வருகிற பயிற்சி விமானம். டச் அண்ட் கோ என்று பெயர்: இறங்கும், சக்கரம் தரையைத் தொடும், உடனே மறுபடி ஏறும். நிலையத்தை ஒட்டி ஒரு செவ்வகம் போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6 நிமிஷம். நான்கு விமானங்கள் ஒரே பக்கம் சுற்றினால் உங்கள் கூரைமேல் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்று. இணை ஓடுபாதைகள் என்பதால் பொதுவாக ஒன்றுக்கு இடப்பக்கமும் மற்றதற்கு வலப்பக்கமும் சுற்று; இரண்டு பக்கத்துக் குடியிருப்புகளும் தப்பாது.

அந்த உறுமல் பெரும்பாலும் இன்ஜினுடையதல்ல, புரொப்பல்லரின் நுனியுடையது. இரண்டு இலை புரொப்பல்லர் நிமிஷத்துக்கு 2,400 சுற்றில் வினாடிக்கு 80 தடவை காற்றை அடிக்கிறது, அதாவது 80 ஹெர்ட்ஸ். இந்தக் கீழ்ஸ்தாயி சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலை அலட்சியமாகக் கடக்கும். சத்தத்துக்காக ஜன்னல் மாற்றுவதானால் லேமினேட் கண்ணாடி, நடுவில் நல்ல இடைவெளி, சட்டத்தைச் சுற்றி முழு அடைப்பு என்று பாருங்கள். பரணின் காற்றுத் துவாரத்தையும் கவனிக்காவிட்டால் போட்ட பணம் வீண். மத்திய அரசு ஒலித்தடுப்புக்குப் பணம் தருமே என்றால், அது சராசரி 65 டெசிபெல் கோட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு. கலிஃபோர்னியாவில் அந்தச் சராசரி நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மாலை 7 முதல் 10 வரையிலான சத்தத்துக்குக் கூடுதல் எடை, இரவு 10 முதல் காலை 7 வரை இன்னும் அதிகம், ஒன்று பத்தாக எண்ணப்படும். சிறு விமானம் நூறு தடவை போனாலும் இந்தச் சராசரி பெரிதாக ஏறாது. பல சிறு நிலையங்களில் 65 கோடு வேலியைத் தாண்டுவதே அபூர்வம். எரிச்சல் எண்ணிக்கையால் வருகிறது, அளவுகோல் சராசரியைப் பார்க்கிறது. அதனால்தான் "அறிக்கையில் பிரச்சினையே இல்லை" என்று அதிகாரியும் "வாழ முடியவில்லை" என்று குடியிருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்ல முடிகிறது. இரண்டும் பொய்யல்ல.

கோடையில் இரவு பத்து மணிக்கும் சுற்றுகிறார்களே என்று பலர் கோபப்படுவார்கள். அதற்கு விதியே காரணம். இரவில் பயணியை ஏற்றிக்கொண்டு பறக்க விரும்பும் பைலட், கடந்த 90 நாளில் மூன்று தடவை இரவில் புறப்பட்டு, இறங்கி முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். இங்கே "இரவு" என்பது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து. ஜூனில் சான் ஹோசேயில் சூரியன் மறைவதே எட்டரை மணிக்கு. ஆக ஒன்பதரைக்கு முன் அந்த இறக்கங்கள் கணக்கில் சேராது. கட்டுப்பாட்டுக் கோபுரம் மூடிய நிலையங்களில் பைலட்டே ரேடியோ மைக்கின் பொத்தானைத் தட்டி ஓடுபாதை விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்: 5 வினாடிக்குள் 3, 5 அல்லது 7 தட்டு, தட்டுக்கு ஏற்ப வெளிச்சம். நடுராத்திரியில் ஓடுபாதை திடீரென்று பளிச்சிட்டால் பயப்பட வேண்டாம். இந்த விதியைத் தெரிந்துகொண்டு பயிற்சிப் பள்ளியிடம் பேசினால் "இரவில் பறக்காதே" என்பதற்குப் பதில், "மூன்று இறக்கத்தோடு முடித்துக்கொள்ளுங்கள், மீதியை வீடு குறைந்த நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கலாம். அது நடக்கிற காரியம்.

நடக்காத கோரிக்கைகளும் உண்டு. "ஓடுபாதை முடிந்ததும் திரும்பச் சொல்லுங்கள்" என்பார்கள். தாழ்வாக இருக்கும்போது திரும்புவது ஆபத்து. சுற்று உயரத்துக்கு 300 அடி குறைவு வரை நேராக ஏறிவிட்டுத் திரும்புவதுதான் பரிந்துரை. "இன்னும் உயரத்தில் சுற்றட்டும்" என்பார்கள். சில ஊர்களில் அது சரிப்படும். இங்கே பக்கத்திலேயே சான் ஹோசே சர்வதேச நிலையத்தின் வான்பரப்பு. நினைத்தபடி சுற்றின் உயரத்தைக் கூட்ட முடியாது.

புகார் எப்படி எழுதுவது? நாள், நிமிஷம் வரை நேரம், நீங்கள் நின்ற இடத்துக்கு அருகிலுள்ள தெருச் சந்திப்பு, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, இறக்கை உடம்புக்கு மேலேயா கீழேயா, ஒரு இன்ஜினா இரண்டா, ஹெலிகாப்டரா. பெரும்பாலான விமானங்கள் 2020 ஜனவரி முதல் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்புவதால், கண்காணிப்புச் செயலியில் என் என்று தொடங்கும் பதிவு எண் கிடைத்துவிடும். கடைசியில் ஒரு வரி: என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்பது. அந்த வரி இல்லாத புகார் எண்ணிக்கையில் மட்டுமே சேரும். ஒரே வீட்டிலிருந்து மாதம் முந்நூறு புகார் போனால், அறிக்கையில் "பெரும்பகுதி ஒரு வீட்டிலிருந்து" என்று ஒரு வரி வந்து மொத்தத்தின் எடையும் போய்விடும். முப்பது வீடுகள் ஒவ்வொன்று அனுப்பினால் கதை வேறு.

செயலியில் தெரியும் உயரத்தை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், மூன்று காரணம். அது கடல் மட்டத்திலிருந்து. உங்கள் கூரையிலிருந்து அல்ல. ரீட் ஹில்வியூ சுமார் 135 அடியில் இருக்கிறது, எவர்கிரீன் பக்கத்து மலையடிவாரம் அதைவிட உயரம். 400 அடியில் வீடு இருந்தால், செயலி 1,200 காட்டும் விமானம் உங்களுக்கு மேலே 800 தான். இரண்டாவது, பல செயலிகள் அன்றைய காற்றழுத்தத்தைச் சரிசெய்வதில்லை. பாதரச மானியில் 0.30 அங்குல வித்தியாசம் 300 அடிப் பிழை. மூன்றாவது, நெரிசலான பகுதியில் சுற்றியுள்ள உயரமான தடைக்கு மேல் 1,000 அடி இருக்க வேண்டும் என்ற விதி புறப்படும்போதும் இறங்கும்போதும் பொருந்தாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தும் ஒருவர் அபாயமாகத் தாழப் பறந்தார் என்று தோன்றினால், அது சத்தப் புகாரல்ல, பாதுகாப்புப் புகார். நிலையத்துக்கு அல்ல, எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆத்திரத்தில் லேசர் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மத்தியச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. விசா, கிரீன் கார்டில் இருப்பவர் என்ன ஆவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூட்டங்களுக்குப் போங்கள். கலிஃபோர்னியாவில் உள்ளாட்சி அமைப்பின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும், பொதுமக்கள் பேசவும் இடம் உண்டு. பேச்சைவிட, பயிற்சிப் பள்ளி நடத்துகிறவரைக் கூட்டம் முடிந்ததும் வெளியே பிடிப்பதில்தான் பலன். சுற்றில் பறப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று பள்ளிகளின் விமானங்கள். அவர்கள் தினமும் மாணவர்களுக்குச் சொல்லும் பாடத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தால், அது தீர்மானத்தைவிடப் பெரிது.

அடுத்து காரீயம். இதை நான் சத்தத்தைவிடப் பெரிய விஷயமாக வைக்கிறேன். 100 எல்எல்-இல் ஒரு கேலனுக்கு அதிகபட்சம் 2.12 கிராம் காரீயம் இருக்கலாம். செஸ்னா 172 மணிக்கு எட்டரை கேலன் எரித்தால், ஒரு மணி நேரத்துக்கு 18 கிராம் வரை. 2021 ஆகஸ்டில் கவுன்ட்டி வெளியிட்ட ஆய்வு, ரீட் ஹில்வியூவிலிருந்து அரை மைலுக்குள், குறிப்பாகக் காற்று வீசிப்போகும் பக்கத்தில் இருந்த குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடுதல் என்றது. 2022 ஜனவரி 1 முதல் கவுன்ட்டி தன் நிலையங்களில் 100 எல்எல் விற்பனையை நிறுத்தி, காரீயமில்லாத 94 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறியது. செஸ்னா 172 போன்றவற்றில் பலவற்றுக்கு அது போதும். அழுத்தம் அதிகமான இன்ஜின்களுக்குப் போதாது. அவர்கள் வேறு நிலையத்தில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆகவே குறைந்திருக்கிறது, பூஜ்யமாகவில்லை. 100 ஆக்டேனிலேயே காரீயமில்லாத பெட்ரோல் 2024 இலையுதிர் காலத்தில் இங்கே விற்பனைக்கு வந்தது. சில விமானங்களில் தொட்டி அடைப்பும் பெயின்ட்டும் கெட்டதாகப் புகார் கிளம்பி அது ஒரு தனி விவகாரமாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் காரீய விமான பெட்ரோல் விற்பனைக்கு 2031 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் 2024-இல் கையெழுத்தானது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதுதான் 2021 முதல் கவனிக்க வேண்டிய எல்லை. விரல் நுனியில் எடுத்த சோதனை கூடுதலாகக் காட்டினால் நரம்பில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் தூசியே விரல் சோதனையைக் கெடுக்கும். எண் கூடியிருந்தால் உடனே விமானத்தைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். 1978-க்கு முந்தைய வீட்டின் பழைய பெயின்ட், தோட்டத்து மண், பிறகு நம் வீட்டுச் சமாச்சாரங்கள்: ஊரிலிருந்து வந்த கண்மை, குங்குமம், நிறத்துக்காகக் கலப்படம் செய்த மஞ்சள்தூள், வெள்ளீயம் என்று விற்ற ரசச் சொம்பில் கலந்திருக்கும் காரீயம். இவற்றை முதலில் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

இனி மூடுவது. எஃப்.ஏ.ஏ.விடம் மானியம் வாங்கினால் பொதுவாக 20 ஆண்டுக்கு நிலையத்தை நியாயமான நிபந்தனைகளில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்க வேண்டும். கவுன்ட்டி கடைசியாக மானியம் வாங்கியது 2011-இல். 2018-இல் இனி வாங்குவதில்லை என்று கவுன்ட்டியை நடத்தும் மேற்பார்வையாளர் குழு முடிவெடுத்தது. 2031-இல் மூடலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு முன்பே மூட எஃப்.ஏ.ஏ. சம்மதிக்க வேண்டும். பிறகும் அடுத்து வருகிற குழு மனம் மாறி மானியம் வாங்கினால், புதிதாக 20 ஆண்டு தொடங்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் சான்டா மோனிகா நிலையத்தைப் பாருங்கள்: பல பத்தாண்டு வழக்குக்குப் பின் 2017-இல் உடன்பாடு, ஓடுபாதை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைந்தது, மூட அனுமதி 2028 டிசம்பர் 31-க்குப் பிறகுதான். மாநகராட்சியே மூடப் போராடியும் இத்தனை காலம். "மூடினால் விலை ஏறும்" என்று ஏஜென்ட் சொன்னால், மூடாவிட்டால் இந்த விலை சரியா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த நிலத்தில் அடுத்து என்ன கட்டுவார்கள், அதன் போக்குவரத்து எந்தத் தெருவில் வரும் என்பதும் கையெழுத்தாகவில்லை.

வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள் என்றால், கலிஃபோர்னியாவில் வழக்கமான படிவத்தில் சோதனைக்கு 17 நாள் கிடைக்கும். மாற்றிப் பேசியிருந்தால் அந்த நாள். அதற்குள் சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை கொல்லைப்புறத்தில் உட்காருங்கள். பயிற்சி உச்சம் அப்போது. ஒரு வார நாள் மாலையும், இருட்டி ஒரு மணி நேரம் கழித்தும் போங்கள். வழக்கமான காற்று வடமேற்கிலிருந்து. விமானங்கள் அந்தப் பக்கமே புறப்படும். மழை வரும் நாளில் தெற்குக் காற்று அடித்தால் திசை தலைகீழ். ஒரே ஒரு மழை நாளில் பார்த்து "அமைதியான வீடு" என்று முடிவுகட்டினால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

வீடு ஓடுபாதையின் நீட்டுக்கோட்டில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். கவுன்ட்டியின் விமான நிலைய நிலப் பயன்பாட்டு ஆணையம் போட்ட திட்டத்தில் பாதுகாப்பு மண்டலங்கள் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். அந்த மண்டலங்கள் வெறும் சம்பிரதாயமல்ல: 1985 டிசம்பர் 23 அன்று கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் இரட்டை இன்ஜின் சிறு விமானம் ஒன்று கிறிஸ்துமஸ் கூட்டம் நிரம்பிய வணிக வளாகத்தின் கூரையில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். ரீட் ஹில்வியூவிலும் டல்லி சாலைக்கு அந்தப் பக்கமே ஈஸ்ட்ரிட்ஜ் வணிக வளாகம். ஆணையம் ஆட்சேபித்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் மாநகராட்சி அதை மீறிக் கட்டட அனுமதி தரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே புதுக் குடியிருப்பு வந்தால் குறைசொல்ல வேண்டியது கவுன்ட்டியை அல்ல.

விற்பவர் தரும் ஆவணக் கட்டில் "விமான நிலையம் அருகில்" என்ற அறிவிப்பு இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்; பின்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அது இடம் வைக்காது. அதைவிட முக்கியம், மனையின் உரிமையையும் வில்லங்கத்தையும் காட்டும் டைட்டில் ரிப்போர்ட். அதில் ஏவிகேஷன் ஈஸ்மென்ட் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இந்த மனைக்கு மேல் பறக்கவும், அதனால் வரும் சத்தம், அதிர்வு, புகை எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு என்று முன்னொரு உரிமையாளர் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. மனையோடு சேர்ந்து உங்களுக்கும் வரும். பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடாமல், பதிவான மூலப் பத்திரத்தின் நகலை டைட்டில் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். எந்த உயரத்துக்கு மேல் உரிமை கொடுத்திருக்கிறார், மரத்துக்கும் மாடிக்கும் உயர வரம்பு போட்டிருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். மாடி எடுக்கும் எண்ணத்தோடு அந்த வீட்டைப் பார்க்கிறீர்கள் என்றால், விலை பேசுமுன் அந்த நகல் கையில் இருக்கட்டும்.